பீரோவில் இருக்கிறது

ஜூலை 9
பாப்பாவின் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

ஜூலை 11
சிங்கப்பூரிலிருந்து அவள் அப்பா போன் போட்டு பாப்பாவிடம் மட்டும் பேசினார். ஆடிப்பெருக்குக்கு வருகிறாராம். "அப்பாவோட பிளைட்ல சிங்கப்பூர் போலாமா?" அவள் போனைக் காதில் வைத்தபடி தலையாட்டினாள். அவருக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

ஜூலை 14
தஞ்சாவூர் போய் வக்கீலம்மாவைப் பார்த்தோம். பாஸ்போர்ட் நம் கையில் இருக்கும்போது என்ன பயம் என்றுதான் அண்ணனும் நானும் நினைத்திருந்தோம். "தொலைஞ்சுபோச்சுன்னு அங்க இருக்குற தூதரகத்தில எழுதிக் கொடுத்து வேற கேட்டா?" என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா, அம்மா இருவரும் அனெக்சர் டி என்கிற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டால் மற்றவர் அனெக்சர் சி கொடுக்கவேண்டும். கோர்ட்டில் வழக்கு இருந்தால் அதில் மறைக்கக்கூடாது. இருவர் கையெழுத்து என்கிறார்கள், சரி. ஒருமுறை நான் ஊரில் இல்லாதபோது பேங்க் சலானில் என் கையெழுத்தை அவரே போட்டார். அச்சு அசல். அன்றைக்குச் சிரித்தேன்.

ஜூலை 15
தூக்கமில்லை. பெற்றவரில் ஒருவர் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்பவைக்க 1980 ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. சிங்கப்பூரில் அது 2011-லிருந்தே நடப்பில் இருக்கிறது. இந்தியா சேரவில்லை. அதனால் அது நமக்கு உதவாது, அந்த ஊர் கோர்ட்டில் போய்த்தான் நிற்கவேண்டும். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்துச் சொச்சம். ஏறுவதற்கு முன்னால்தான் எல்லாம்.

ஜூலை 18
மனு போட்டாயிற்று. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டமாம். பாப்பாவை நாட்டைவிட்டு அழைத்துப் போகக்கூடாது, பாஸ்போர்ட் கோர்ட் வசம் இருக்கவேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்குமுன் அதிலிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு வயது. ஓரிடத்தில் உட்காராமல் சரிந்துகொண்டே இருந்ததால் வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் கையை அழித்துவிட்டார். தோளருகே சட்டை மட்டும் கசங்கியிருக்கிறது. ஐந்து வருஷம்தான் செல்லும், நவம்பரில் முடிகிறது. புதுசு எடுக்க அதுவே அவருக்கு ஒரு சாக்கு.

ஜூலை 21
"பெத்த அப்பன் புள்ளையைக் கடத்துவானாடி?" என்கிறாள் அம்மா. அவர் கெட்டவர் என்று நான் எங்கே சொன்னேன்? பொங்கலுக்கு வந்தபோது "கூட்டிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவே" என்று கேட்டார். அம்மாவும் அப்போது கூடத்தில்தான் இருந்தாள்.

ஜூலை 25
இடைக்காலத் தடை கிடைத்தது!

ஜூலை 29
திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸில் உத்தரவு நகலைக் கொடுத்து, நம் நகலில் முத்திரை வாங்கினேன். பாப்பா பெயரில் யார் விண்ணப்பித்தாலும் முதலில் இது கண்ணில் படவேண்டும். ஏர்போர்ட் வேறு வழி. அங்கே தடுத்து நிறுத்தச் சொல்லும் லுக்அவுட் நோட்டீஸ் கோர்ட் சொல்லியோ போலீஸ் கேட்டோதான் போகுமாம், நாம் நேரில் போய் அழுதால் ஆகாது. அதற்குத் தனி மனு, கோர்ட்டில் இன்னும் எண் கொடுத்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 1
பீரோ காலி. ஆனாலும் திறந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 3
திருவையாற்றுப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் மேல்படி வரைக்கும். காதோலை கருகமணியை விடும்போதுகூட பாப்பாவின் மணிக்கட்டை நான் விடவில்லை. வலிக்குதும்மா என்றாள்.

வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குச் சக்கரம் வைத்த குட்டிப் பெட்டி, ரோஸ் நிறம். வாசலில் உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.