கோட்டைத் தாண்டிய திருகு

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் இருந்தாலும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பலர் என்பதால் எங்கள் பணிமேசையில் தமிழ்தான் அதிகம் கேட்கும். துலாவருஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி தொடங்கிவிடும் ஊர் இது. நீளமான கம்பி இழுக்கும் எவரும் அதை மறக்க முடியாது.

மேட்டில் இருந்த நீர்த்தொட்டியின் மட்டத்தை 650 மீட்டர் தள்ளியிருந்த பம்ப் அறையில் அறிவதற்கான மின்சுற்றை எங்கள் இளம் பொறியாளர் வரைந்து, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகக் குறிப்பை அனுப்பியிருந்தது சரியான முடிவு. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போய்வர ஏறத்தாழ 45 ஓம் தடை தரும் என்றாலும், மின்னோட்டம் அதனால் குறையாது.

பம்ப் அறையில் அந்த மின்னோட்டத்தை 100 ஓம் தடையில் மின்னழுத்தமாக்கி, ஏ.எம்.சி. 1311 என்ற ஐசொலேஷன் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்திருந்தார். இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரித்து, குறிப்பை மட்டும் கடத்தும் சில்லு அது. அதன் உள்ளீட்டு எல்லை 2 வோல்ட். 20 மில்லிஆம்பியரிலேயே அந்த எல்லை முடிந்துவிடுவதால், சென்சார் பழுதைக் காட்டும் 21 மில்லிஆம்பியரை அது சரியாக அளக்கும் என்பதற்கு உறுதியில்லை. 82 ஓம் போடச் சொன்னேன். இரட்டை வெளியீடுகளில் ஒன்றை மட்டும் எடுத்திருந்ததையும் திருத்தினோம்.

பெரிய குறை மின்வழங்கலில் இருந்தது. தொட்டிக்குப் போகும் 24 வோல்ட்டும் கட்டுப்பாட்டுப் பலகையின் 24 வோல்ட்டும் ஒரே எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியிலிருந்து வந்தன. ஒரு நிமிடத்துக்கு 5000 வோல்ட் தாங்கும் சில்லை நடுவில் வைத்துவிட்டு, இரு பக்கத்து மைனஸையும் பக்கத்திலேயே முடிச்சுப் போட்டிருந்தார் என்று சொல்லலாம். தொட்டிப் பக்கத்துக்குத் மின்தொடர்பில்லாமல் தனி 24 வோல்ட் தரும் டிசி-டிசி மாட்யூல் வைக்கச் சொல்லி, வரைபடத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, இதைத் தாண்டுவது சில்லும் மாட்யூலும் மட்டுமே என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பெட்டி பொருத்திய மறுவாரமே அழைப்பு வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் திரையில் நீர்மட்டம் ஒரு அடி வரை துள்ளியது. தொட்டியருகே மைனஸ் கம்பி எர்த்தோடு இணைந்திருந்தது உண்மைதான். ஆனால் பம்ப் அறையில் தொட்டிப் பக்கத்துச் சுற்று எதையும் தொடாமல் மிதக்குமானால் அதனால் கெடுதல் இல்லை, மின்பிரிப்பே அதற்காகத்தான். கேபிளையும் ஷீல்டையும் அரை நாள் குறை சொன்ன பிறகுதான், மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, இரு மைனஸ்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். அது கூவியது, அதாவது இரண்டும் எங்கோ இணைந்திருந்தன.

பலகையின் நான்கு மூலைத் துளைகளைச் சுற்றியிருந்த செம்பு, அந்தந்தப் பக்கத்து மைனஸோடு சேர்ந்திருந்தது. பலகையைத் திருகித் தாங்கும் பித்தளை ஸ்பேசர்கள் அவற்றை இரும்புப் பெட்டியோடு இணைக்க, பெட்டி எர்த்தில் இருந்தது. தொட்டியிலும் பம்ப் அறையிலும் எர்த் ஆனதால், மோட்டார் கிளம்பும்போது இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழுந்த வேறுபாடு 82 ஓம் தடைக்குக் குறுக்கே வந்து நின்றது.

“சார், ஸ்கீமாட்டிக்கில் திருகு இருக்காதே” என்றார் இளம் பொறியாளர். சாக்காகச் சொல்லவில்லை. நான் சரிபார்த்தது ஸ்கீமாட்டிக் என்னும் அந்த மின்சுற்று வரைபடத்தை மட்டுமே. பலகையில் செம்பும் துளைகளும் அமைந்த விதத்தைக் காட்டும் லேஅவுட்டைக் கேட்கவுமில்லை, திறந்து பார்க்கவுமில்லை.

தொட்டிப் பக்கத்து இரண்டு ஸ்பேசர்களை நைலானாக மாற்றினோம். துளையோரச் செம்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தபின் மீட்டர் கூவவில்லை. மோட்டாரை ஐந்து முறை போட்டு நிறுத்தினார், மட்டம் அசையவில்லை. மழை இறங்குவதற்குள் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினோம்.