இறந்தவர்கள் போகும் ஊர்கள்: தாமிரபரணிக் கரையில் ஒரு பயணம்

2024 நவம்பர் 1, ஐப்பசி அமாவாசை. திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் ஈர வேட்டியுடன் அமர்ந்து, அப்பாவுக்கும் அவருக்கு முந்தைய இரண்டு தலைமுறையினருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். இளவயதிலேயே கறுப்புச் சட்டை அணிந்தவர் அவர். இறப்புக்குப் பின் எதுவும் இல்லை என்பதில் அவருக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. கண்களைத் தானமாகவும் உடலை மருத்துவ மாணவர்களுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆகவே எங்களிடம் சாம்பலும் இல்லை, எலும்பும் இல்லை, போய் நிற்பதற்கு ஒரு சமாதியும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் எள் மிச்சமிருந்தது. அப்பாவின் கொள்கைக்கும் அம்மாவின் கண்ணீருக்கும் நடுவே நின்ற நான், உயிரோடு இருப்பவரின் பக்கம் சாய்ந்தேன்.

சடங்கு முடிந்ததும் புரோகிதரிடம் நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒன்றைக் கேட்டேன். மறுபிறவி உண்டு என்றும் சொல்கிறோம், பித்ருலோகத்தில் இருப்பவருக்குப் பிண்டமும் வைக்கிறோம். அவர் இதற்குள் வேறெங்கோ பிறந்துவிட்டிருந்தால் இந்தத் தண்ணீர் யாருக்குப் போகிறது? அவர் தயங்கவே இல்லை. தந்தை வசுவாகவும் பாட்டனார் ருத்திரராகவும் முப்பாட்டனார் ஆதித்தியராகவும் இருந்து நாம் கொடுப்பதை வாங்கிக்கொள்வதாகவும், அந்தத் தேவதைகள் அதனை உரியவர் எந்தப் பிறவியில் இருக்கிறாரோ அதற்கேற்ற உணவாக மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகவும் சொன்னார். "பசுவாப் பொறந்திருந்தார்னா புல்லாப் போய்ச் சேரும் தம்பி." முகவரி மாறிப்போனவரையும் விசாரித்துக் கண்டுபிடிக்கும் பழைய தபால்காரர்களின் நினைவு வந்தது. அந்த விடை என்னை நம்பவைக்கவில்லை. ஆனால் என் கேள்வியை எனக்கு முன்பே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

மறுநாள் காலை ஒரு வாடகைக் காரில் திருச்செந்தூர்ச் சாலையில் புறப்பட்டேன். காயல்பட்டினத்தில் கல்லூரி நண்பரின் தாயார் காலமாகி இருந்தார். துக்கம் விசாரிக்க வேண்டும். வழியில் ஆதிச்சநல்லூரைப் பார்த்துவிடலாம் என்பது மட்டுமே திட்டம். அன்று கந்த சஷ்டி விழா தொடங்கியிருந்ததால் பச்சை ஆடை உடுத்திய பக்தர்கள் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தனர்.

ஆதிச்சநல்லூர் திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஆற்றின் தென்கரையில் சுமார் 114 ஏக்கர் பரந்த செம்மண் மேடு அது. ஊர்க்காரர்கள் பறம்பு என்கிறார்கள். ஓர் ஊரளவு நிலத்தை இறந்தவர்களுக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் உணர முடிகிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி, எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். அவர் கண்டெடுத்த இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப் பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2004இல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது, சிறிய பரப்பிலேயே இறந்தவர்களை வைத்துப் புதைத்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மண் தாழிகள் வெளிப்பட்டன.

இப்போது அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, அதன்மீது நடந்தபடியே கீழே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். காலணிக்கு அடியில் உடைந்த தாழிகள், உள்ளே சிறு கலயங்கள். இறந்தவர் மேல் நடக்கிறோமே என்ற கூச்சம் முதல் சில அடிகளில் எனக்கு இருந்தது. என் முன்னே சென்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை.

இங்கே தாழிகளுக்குள் நெல் உமி கிடைத்திருக்கிறது; பொன் பட்டங்களின் இரு முனைகளிலும் கயிறு கோத்துக் கட்டுவதற்கான துளைகள் உண்டு. பாடையில் கிடத்தியவரின் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவைப்பதையும், உறவினர் வரிசையாக வந்து வாய்க்கரிசி இடுவதையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் இவை அந்நியமாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேராக வந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். அதற்குச் சான்று வேண்டும். ஆனால் போகிற இடத்தில் பசிக்கும் என்ற எண்ணம் இல்லாமல் யாரும் நெல்லை வைத்து மூடியிருக்க மாட்டார்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் வேண்டுகிறாள்: வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்ட சிறு பல்லியைப் போல அவனோடு பல சுரங்கள் கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இந்த ஈமத்தாழியை அகலமாக வனைந்து கொடு. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது உருக்கமான கற்பனை என்றே எண்ணியிருந்தேன். கண்ணாடிக்குக் கீழே அகன்ற வாயுடன் கிடந்த ஒரு தாழியைப் பார்த்தபோது, அது ஒரு குயவரிடம் சொல்லக்கூடிய அளவுக் கணக்கு என்பது உறைத்தது. மணிமேகலையோ புகார் நகரத்துச் சுடுகாட்டில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர் என ஐந்து வகையினரை ஒரே மூச்சில் எண்ணிக் காட்டுகிறது. ஒரே ஊரில் ஐந்து வழிகள்! இன்று அதோடு அப்பாவின் ஆறாவது வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகள் எனப்படும் ஒன்பது பெருமாள் கோயில்களில் முதலாவதாகச் சொல்லப்படும் வைகுண்டநாதர் கோயிலும், நவகைலாயங்கள் எனப்படும் ஒன்பது சிவன் கோயில்களுள் ஒன்றான கைலாசநாதர் கோயிலும் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. வைணவர் சேர விரும்பும் இடமும் சைவர் சேர விரும்பும் இடமும் நடந்து போகும் தொலைவில்! இதே பாதையில் ஓடும் ரயிலுக்கு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று அடுத்தடுத்து நிலையங்கள். பயணச்சீட்டு எடுத்தால் போதும் என்று அப்பா கேலி செய்வார்.

ஆழ்வார்திருநகரியில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தேன். ஆதிநாதர் கோயிலுக்குள் இருக்கும் புளியமரத்தை உறங்காப்புளி என்கிறார்கள். இரவிலும் இலை மூடாது என்பது நம்பிக்கை. பிறந்தது முதல் அழாமலும் உண்ணாமலும் இருந்த நம்மாழ்வார் இதன் பொந்தில் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தாராம். வடக்கே சென்றிருந்த மதுரகவி, தெற்கே தெரிந்த ஓர் ஒளியைப் பின்பற்றி வந்து அவரிடம் கேட்ட கேள்வி இது: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" நம்மாழ்வார் முதன்முதலாகப் பேசினார்: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்."

செத்தது என்பது அறிவற்ற உடல். சிறியது என்பது அணுவளவான உயிர். உடலுக்குள் புகுந்த உயிர், அந்த உடல் தரும் இன்ப துன்பங்களையே தின்று அங்கேயே கிடக்கும் என்று பெரியோர் பொருள் உரைப்பர். பலமுறை கேட்ட கதைதான். ஆனால் ஆதிச்சநல்லூரிலிருந்து வந்த அரை நாளில் கேட்கும்போது அந்தச் சொற்கள் வேறாக ஒலித்தன. மண்பாண்டத்தின் வயிற்றில் கைகால் மடக்கி அமர்த்தப்பட்ட ஓர் உடல், அருகே தின்பதற்கு நெல்: அங்கே இறந்தவர் வயிற்றுக்குள் இருக்கிறார், இங்கே உயிரோடு இருக்கும் நாமே செத்த ஒன்றின் வயிற்றுக்குள் இருக்கிறோம். இறப்பு எது, பிறப்பு எது என்ற கணக்கே இந்த மரத்தடியில் தலைகீழாகிவிடுகிறது.

அதே ஆழ்வார் திருவாய்மொழியின் முடிவை நெருங்கும்போது, விடுதலை பெற்ற உயிர் வைகுந்தம் செல்லும் வழியைப் பாடுகிறார். "சூழ்விசும் பணிமுகில் தூரியம் முழக்கின" என்று தொடங்கும் அந்தப் பதிகத்தில் மேகங்கள் வாத்தியம் முழக்குகின்றன, கடல் அலைகளைக் கையாக உயர்த்தி ஆடுகிறது, வழியில் உள்ள தேவர்கள் எல்லாரும் வரவேற்கின்றனர். ஓர் ஊரில் புது மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரம்தான். வைணவ இல்லங்களில் இறுதிக் காரியங்களின்போது இதை ஓதுவதுண்டு. சிறுவயதில் அண்டை வீட்டில் கேட்டிருக்கிறேன். அழுகை நிறைந்த வீட்டில் கல்யாண ஊர்வலத்தைப் பாடுகிறார்களே என்று அன்று திகைத்தேன்.

பிற்பகல் காயல்பட்டினம். நண்பரின் மூத்த சகோதரர், நான் காக்கா என்று அழைப்பவர், வாசல்வரை வந்து அழைத்துச் சென்றார். தாயார் இறந்த அன்றே குளிப்பாட்டி, ஐந்து துண்டு வெள்ளைத் துணியில் கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை முடித்து அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார். குனியும் ருகூஉம் தரையில் நெற்றி பதிக்கும் சஜ்தாவும் இல்லாமல் நின்றபடியே, 'அல்லாஹு அக்பர்' என்னும் நான்கு தக்பீர்களுடன் தொழும் தொழுகை அது. உடலை வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தை மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி வைத்து, ஒவ்வொருவரும் மும்முறை கைப்பிடி மண் போடுவார்கள். எல்லாரும் திரும்பி நடக்கும் காலடியோசை கபுர் என்னும் புதைகுழியில் இருப்பவருக்குக் கேட்கும் என்றும், அப்போது முன்கர், நகீர் என்னும் இரு வானவர்கள் வந்து உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள் என்றும் அவர் விளக்கினார். அதன் பிறகு பர்ஸக் என்னும் இடைநிலை. கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளில் எழுப்பப்படும்வரை அங்கேதான். மறுபிறவி இல்லை, திரும்பி வருவதில்லை, சோறும் தண்ணீரும் தேவையில்லை.

பேச்சு நாற்பதாம் நாள் பாத்திஹாவைத் தொட்டதும் அண்ணன் தம்பிக்குள்ளேயே கருத்து மாறியது. ஓதி உணவளித்தால் அதன் நன்மை உம்மாவுக்குச் சேரும் என்றார் காக்கா. நபிகள் காட்டித்தராத வழக்கம் அது, துஆ என்னும் வேண்டுதல் மட்டும் போதும் என்றார் நண்பர். குரல் உயரவில்லை, ஆனால் இருவரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எந்தச் சமயமும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் ஒற்றைக் குரலாகக் கேட்கிறது. ஒருவர் இறந்தபின்னும் அறுபடாத நற்செயல்கள் மூன்று என்ற நபிமொழியில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்: நிலையான தர்மம், பிறர் பயன்பெறும் கல்வி, பெற்றோருக்காகத் துஆ கேட்கும் பிள்ளை. அப்பாவின் உடல் மாணவர்களுக்குப் போனதை நண்பர் அறிவார். அவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இறைவனையே மறுத்தவருக்கு அந்தக் கல்வி கணக்கில் சேருமா என்று நான் கேட்கவில்லை. அவரும் ஆறுதலுக்காக ஒரு பொய்யைச் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காகவே அவர் இத்தனை ஆண்டுகளாக என் நண்பர்.

எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடைகளில் கேட்கும்போது எனக்கு நெருடுவது இதனால்தான். ஒன்றையே சொல்லவில்லை. ஓரிடத்தில் இறந்தவர் பசியோடு இருக்கிறார், இன்னோரிடத்தில் அவருக்கு உணவிடுவதே பிழை. ஒன்றில் அவர் பசுவாகத் திரும்பக்கூடும், மற்றொன்றில் ஒரே வாழ்வு, ஒரே தீர்ப்பு. அப்பாவைப் போன்ற நம்பாதவருக்கு இவற்றில் எதுவும் நல்ல இடத்தை எளிதாகத் தந்துவிடுவதில்லை.

நண்பர்தான் மணப்பாட்டைச் சொன்னார். அன்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். திருச்செந்தூர் நெரிசலைத் தாண்டித் தெற்கே போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றின் அடியில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த அவருடைய உடல் கோவாவில் பாதுகாக்கப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் காண இறக்கிவைப்பார்கள். அந்த மாதம் 21ஆம் தேதியே அந்த நிகழ்வு தொடங்கவிருந்ததால், ஊரில் பலர் கோவாப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர்.

கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் தத்தம் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி தூவி, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. குருவானவர் தீர்த்தம் தெளித்தபடி வர, "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும்" என்ற மன்றாட்டு வரிசைவரிசையாக எழுந்து அடங்கியது. உத்தரிக்கும் ஸ்தலத்தில் தம் குறைகளைக் கழித்துக்கொண்டிருக்கும் ஆன்மாக்களுக்கு இங்கே சொல்லும் செபம் உதவும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இதே கடற்கரை மாவட்டத்துச் சீர்திருத்தச் சபையினர் அப்படி ஓர் இடமே இல்லை என்பார்கள்.

தோட்டத்தின் ஓரத்தில் ஒரு முதியவள் கல்லறை எதற்கும் முன்னால் இல்லாமல், வெறும் மணலில் மூன்று மெழுகுவர்த்திகளை நட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கும் அவருடைய இரண்டு தம்பிமாருக்கும் என்றாள். மூவரும் ஒரே வள்ளத்தில் போனவர்கள், உடல் கரை சேரவில்லை. பிறகு நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டாள். வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்ல நா எழவில்லை. அப்பாவைச் சொன்னேன், அவருக்கும் கல்லறை இல்லை என்றேன், அவர் சாமியே கும்பிடாதவர் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினாள். வாங்கினேன். இரண்டு முறை பற்றவைத்தும் அணைந்தது.

"வாடக்காத்துய்யா," என்றாள். "வடக்க முதுகக் காட்டி உக்காரும், நிக்கும்."