நீந்தும் விந்தணு, ஆனால் மரத்தில்

பாசி, பெரணிச் செடிகளின் விந்தணுக்கள் தண்ணீரில் நீந்தித்தான் முட்டையை அடையும். பூக்கும் தாவரங்களில் அந்த வேலையே இல்லை. மகரந்தக் குழாய் நேராகச் சூல்வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். விதைத் தாவரங்கள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1896ல் டோக்கியோவில் ஹிராசே சகுகோரோ என்பவர், பூக்காமலே விதை தரும் கிங்கோ மரத்தின் சூலுக்குள் நீந்தும் விந்தணுவைப் பார்த்தார்.

கிங்கோவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வசந்தகாலத்தில் காற்றில் வரும் மகரந்தம் சூலின் நுனியில் கசியும் ஒரு துளியில் ஒட்டி உள்ளே இழுக்கப்படும். அப்புறம் நாலைந்து மாதம் காத்திருப்பு! மகரந்தக் குழாய் சூல் திசுவுக்குள் வேர்போலக் கிளைத்து உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும். முட்டை தயாரானதும் குழாய் வெடித்து, சுமார் ஆயிரம் கசையிழைகள் (நீந்த உதவும், சாட்டைபோல அசையும் நுண்ணிய இழைகள்) கொண்ட விந்தணு வெளியே வரும். நீந்த வேண்டிய தூரம் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் நீந்தியே தீரும்.

அதே ஆண்டு இகேனோ செய்இச்சிரோ இதையே சைகஸிலும் கண்டார். நம்மூர்த் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கிறோமே, அந்தச் சைகஸ்தான்.

ஹிராசே பல்கலைக்கழகத்தில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தவர். கண்டுபிடித்த மறுவருடமே அங்கிருந்து விலகிப் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார். (எனக்கு இதுதான் ஆறவில்லை.) 1912ல் ஜப்பான் அகாடமி இருவருக்கும் பரிசு கொடுத்தது. ஹிராசே ஆராய்ந்த கிங்கோ மரம் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவில் இருக்கிறது, டோக்கியோ போகிறவர்கள் பார்க்கலாம்.