முப்பத்தேழு ஊருக்குப் போய்விட்டாள்

ஜூன் 9, 2025, திங்கள்

ஒன்பதாம் தேதி, அதனால் கூட்டம். மாதாமாதம் இந்தத் தேதியில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை என்று 2016-லிருந்து நடக்கிறது. இன்னும் நாற்காலி போதவில்லை. மழை வேறு. வாசலில் குடைகள் ஒரு குவியல்.

எங்கள் ஆய்வுப் பட்டியலில் 37-ஆம் எண்காரிக்கு விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் அளவு பார்த்தேன். 7.6. போன மாதம் 8.9. பதினொன்றாவது இருக்க வேண்டும். கருவி கெட்டுவிட்டதோ என்று என் விரலையும் குத்திப் பார்த்தேன், 11.8 காட்டியது. இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளைக் கேட்டால் பையிலிருந்து எடுத்து நீட்டுகிறாள். எல்லாக் குழியும் காலி.

“டீயோட போட்டியா?”

“இல்லக்கா, தண்ணிலதான்.”

என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 10

தாராவியில் கிராஸ் ரோடு பக்கம் அவள் வீடு. இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. எட்டு மாத வயிற்றோடு எப்படி ஏறி இறங்குகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேட்டதில்லை.

வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்களைக் காட்டுகிறேன் என்று ஒரு டப்பாவைத் திறந்தாள். வளையலுக்கு அடியில் மாத்திரை. அங்கே ஒளித்ததை அவளே மறந்துவிட்டாள் போல. மழை ஈரத்தில் சர்க்கரைப் பூச்சு கரைந்து டப்பா அடியெல்லாம் சிவப்பாகப் பிசுபிசுத்தது. எண்ணினேன், 41. இரண்டு வளையலில் சிவப்பு ஒட்டியிருந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குமட்டுகிறதாம். கருப்பாகப் போகிறதாம். பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று அத்தை சொன்னாளாம். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், எனக்குப் பதில் மனப்பாடம். ஆரம்பித்தேன். அவள் இடையில் மெல்லச் சொன்னாள்: “அதுகூடப் பரவால்லக்கா. வெளிக்கு வர மாட்டேங்கு. அஞ்சு நிமிசம் உக்காந்தா வெளிய வாளிய வச்சுக்கிட்டு கதவத் தட்டுதாங்க.”

பொதுக் கழிப்பறை. காலை ஐந்தரை மணி வரிசை. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் கொண்டுவரும் என்பது பாக்கெட் மேலேயே இருக்கிறது. அது இந்த வரிசையில் நிற்பவளுக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. படிவத்தில் ‘மாத்திரை எடுக்காத காரணம்’ என்று நான்கு கட்டம்: மறதி, குமட்டல், நம்பிக்கை இல்லை, மற்றவை. ‘மற்றவை’யில் டிக் போட்டுவிட்டு ஓரத்தில் பொடியாக எழுதினேன்: கதவைத் தட்டுகிறார்கள்.

ஜூன் 12

டாக்டர் மேடம் பார்த்துவிட்டு, இனி மாத்திரையை நம்பிப் பயனில்லை, நாள் நெருங்குகிறது, இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றிவிடலாம் என்றார். நாலு தடவை. முதல் பாட்டில் இன்று ஏறியது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிட்டாள்.

ஜூன் 17

37 வரவில்லை. வீடு பூட்டியிருக்கிறது.

ஜூன் 18

பக்கத்து வீட்டு மதினி சொன்னாள். நாகர்கோவில் வண்டியில் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார்களாம். தலைப்பிரசவம், தாய்வீடு. ஒன்றரை நாள் பயணம், ஒன்பதாவது மாதம், 7.6.

படிவத்தில் பிரசவம் எங்கே என்று கேள்வி இருக்கிறது. ‘சயான் ஆஸ்பத்திரி’ என்றாள், நானும் எழுதினேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் அம்மா என்னைப் பெற எங்கே போனாள்? திருநெல்வேலிக்கு. நான் எங்கே போனேன்? அங்கேதான். முதல் பிள்ளைக்கு எவளாவது மும்பையில் இருப்பாளா? வளையலைப் பார்த்தேனே! கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். ஊருக்குப் போவாள் என்று தோன்றவில்லை. மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று பாட்டில் பாக்கி.

ஜூன் 20

சுவிட்ச் ஆஃப்.

ஜூன் 24

பிரசவத்தில் போகிற ரத்தத்தை மதிப்பிடப் பயிற்சி. மேடம் தண்ணீரில் குங்குமமும் சோளமாவும் கரைத்து ரத்தம் மாதிரியே கொண்டுவந்தார். பழைய சேலை ஒன்றில் ஊற்றினார், பஞ்சில் ஊற்றினார், தரையில் ஊற்றினார். எவ்வளவு என்று எழுதச் சொன்னார். சேலையைப் பார்த்து நான் 200 மில்லி என்று எழுதினேன். ஊற்றியது 500. ஒருத்தி 150 என்றாள். இருபது வருஷ அனுபவமுள்ள நர்ஸ் அம்மா 300. சேலை குடித்துவிடுகிறது, வெளியே காட்டுவதில்லை.

பிறகு அந்தப் பையைக் காட்டினார். பிரசவம் ஆனதும் இடுப்புக்குக் கீழே விரிக்கிற பிளாஸ்டிக், நுனியில் புனல் மாதிரி, அதில் அளவுக் கோடுகள். நம் பெல்காமிலேயே இப்படி ஒரு பையை வைத்து அளந்து பார்த்து 2006-ல் எழுதியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு, பையில் அளந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாம். 500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து என்று புத்தகம் சொல்கிறது. கண் அதை 330 என்று சொல்லும். 330-க்கு யார் ஓடுவார்கள்?

பாட்டிக்குத் தெரியுமா எவ்வளவு என்று? ‘உதிரம் போகத்தான் செய்யும், கெட்ட ரத்தம்’ என்பாள்.

ஜூலை 1

தாராவியை இடித்துக் கட்டுவதற்காகக் கதவுகளில் எண் எழுதுகிற சர்வே இன்னும் நடக்கிறது. எங்கள் கழுத்து அட்டையைப் பார்த்தாலே ‘எந்த சர்வே’ என்கிறார்கள். ஒரு வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் “நாங்க இருபது வருசமா இங்கதான் இருக்கோம்” என்று பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். ரேஷன் கார்டு, லைட் பில், வாக்காளர் அட்டை. கூடவே கர்ப்பிணி கார்டும். அதையும் இருப்பிடச் சான்றாகப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். சிரித்துவிட்டேன், பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

சுவிட்ச் ஆஃப்.

ஜூலை 3

கணக்குப் பார்க்கிற பையன் 37-ஆம் வரிசைக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டான். ‘ஃபாலோ-அப் லாஸ்’, அதாவது தொடர்ந்து பார்க்க முடியாமல் விட்டுப்போனவள். நல்ல பையன்தான். ஆனால் சண்டை போட்டேன். ஊருக்குப் போகிறவர்கள் யார்? முதல் பிள்ளைக்காரிகள், சின்ன வயசு, ரத்தம் குறைவு. அவர்களை எடுத்துவிட்டால் மீதி இருப்பவர்களின் சராசரி தானாக ஏறும். நாம்தான் ஏற்றினோம் என்று நினைத்துக்கொள்வோம். அவன், “தெரியும்க்கா, அதுக்கு வேற முறை இருக்கு” என்றான். சரி, இருக்கட்டும். சாம்பல் நிறத்தை எடு என்றேன். எடுக்கவில்லை.

ஜூலை 5

எங்கள் குழாயிலும் தண்ணீர் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி.

ஜூலை 14

பெற்றுவிட்டாள்! மதினி வந்து சொன்னாள். 9-ஆம் தேதி, பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. சுகப்பிரசவம். படி இறங்கும்போதுதான் சாவகாசமாகச் சொல்கிறாள்: “ரத்தம் மட்டும் ரெண்டு பாட்டில் ஏத்துனாங்களாம்.”

ஜூலை 15

ஏன் ரெண்டு?

ஏற்கெனவே குறைவாக இருந்ததால் முன்கூட்டி ஏற்றினார்களா, பிறகு போனதால் ஏற்றினார்களா? முன்னது என்றால் யாரோ கார்டைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பின்னது என்றால்? நிறைய ரத்தம் உள்ளவளுக்கு 500 போனால் தாங்குவாள். 7.6-க்கு ஒரு டம்ளர் போனாலே கண் இருட்டும்.

அந்தப் பையை வைத்துப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா, 80 ஆஸ்பத்திரிகள், 2 லட்சத்துக்கு மேல் பெண்கள். அளந்து பார்ப்பது, கோட்டைத் தாண்டியதும் வயிற்றை நீவுவது, கர்ப்பப்பையைச் சுருக்குகிற மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து வருகிறது என்று சோதிப்பது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, சாவு, மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே அலமாரியில் இருந்தவைதான்.

அவளுக்குப் பை விரித்தார்களா? சேலையா?

ஜூலை 16

மேடத்திடம் சொன்னேன். கேஸ் ஷீட் இல்லாமல் எழுத முடியாது என்றார். தெரியும்.

ஜூலை 29

ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்கு வலி. 108 மெயின் ரோட்டில் நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் சந்துக்குள் திரும்பாது. பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பையன்கள் தூக்கினார்கள். நான் டார்ச் பிடித்தேன். ஒருவன் சாக்கடையில் கால் விட்டான், நாற்காலி சாய்ந்தது, நல்லவேளை. பதினோரு நிமிஷம்.

தடேயஸ், மெய்ன் என்ற இருவர் 1994-ல் எழுதிய, பிரசவத்தில் தாய்கள் சாவதற்குக் காரணமான மூன்று தாமதங்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், போன இடத்தில் கவனிப்பு கிடைப்பதில். முதல் நாள் பயிற்சியிலேயே பலகையில் எழுதிப் போட்டார்கள். அப்போது காடு மலை தாண்டிப் போகிற ஆப்பிரிக்கக் கிராமம்தான் மனசில் வந்தது. எங்கள் சந்து வரவில்லை.

2023-ல் உலகத்தில் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் செத்தவர்கள் 2,60,000 பேர். ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்கு ஒருத்தி. பதினோரு நிமிஷத்தை இரண்டால் வகுக்காமல் தூங்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

பேசிவிட்டேன். அவள் அம்மாவின் போன்.

“யக்கா, நீங்களா? அவுக போனு தண்ணில விழுந்துட்டு.”

குழந்தை பால் குடிக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம். பேறுகால மருந்தும் உளுந்தங்களியும் சாப்பிடுகிறாள். மாத்திரை? மௌனம். பக்கத்து சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவைப் பார்த்து, 42-ஆம் நாளுக்குள் ரத்தம் சோதித்து அளவைச் சொல் என்றேன். சரி என்றாள். அங்கே வீட்டிலேயே கழிப்பறை இருக்கிறதா என்றும் கேட்டேன். இருக்கிறதாம். அப்படியென்றால் போடு தாயி, யாரும் தட்ட மாட்டார்கள் என்றேன். சிரித்தாள்.

ரத்தம் ஏன் ஏற்றினார்கள் என்று தெரியாதாம். “புள்ள விழுந்ததும் கண்ண இருட்டிட்டு வந்துச்சு. முழிச்சுப் பாத்தா ஏறிக்கிட்டு இருக்கு. ரெண்டு சேல நனஞ்சுட்டுன்னு அம்ம சொன்னா.”

இரண்டு சேலை.

நூல் சேலையா, பாலியஸ்டரா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12

நூல் என்றால் நிறையக் குடிக்கும்.

ஆகஸ்ட் 19

நேற்றிலிருந்து கொட்டுகிறது. தண்டவாளத்தில் தண்ணீர், லோக்கல் ஓடவில்லை. யாரும் வேலைக்குப் போகவில்லை. அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவைத்தாள், நான் படிவங்களை. நாளை 42. அவளாகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கரண்ட் இல்லை, போனில் 18 சதவீதம்தான்