பாப்பாவுக்கு இன்னும் ஆறு மாசம் ஆகல

நவம்பர் 4
பெரியவன் ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்பாடு வேணாம்னு சுருண்டு படுத்துட்டான். 102.4.

நவம்பர் 5
ஃப்ளூதான்னாங்க டாக்டர். ஓசெல்டாமிவிர், காய்ச்சல் வந்து 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும்னு உடனே எழுதிக் கொடுத்தாங்க. நான் கேட்டதெல்லாம் பாப்பாவப் பத்திதான். ஆறு மாசம் ஆகாம ஃப்ளூ ஊசி போட முடியாது, அவளுக்கு நாலு மாசம் பதினோரு நாள், சுத்தி இருக்கறவங்க போட்டுக்கிட்டாதான் அவளுக்குப் பாதுகாப்பு. நாங்க யாரும் போடல. நான், அவர், சுகர் இருக்கற அத்தை, யாருமே. இன்னிக்கே போட்டாலும் வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்.

மாசமா இருக்கறப்பவே போட்டுக்கோங்க, வயித்துல இருக்கற புள்ளைக்கும் எதிர்ப்பு சக்தி போகும்னு ஏழாம் மாசமே சொன்னாங்க. வளைகாப்பு முடியட்டும்னு தள்ளிப் போட்டேன்.

நவம்பர் 6
அவனும் அவரும் உள் ரூம்ல. நானும் பாப்பாவும் ஹால்ல. ஜன்னலத் திறந்து வெச்சா சாரல் அடிக்குது, மழைக்காத்து பச்சப்புள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை மூடறாங்க, காத்து போக வர இருந்தாதான் கிருமி தங்காதுன்னு நான் திறக்கறேன், மறுபடி மூடறாங்க. அவங்களும் பயத்துலதான் மூடறாங்க. சாயங்காலம் கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "அம்மா, பாப்பா கால மட்டும் தொட்டுக்கறேம்மா"ன்னான்.

நவம்பர் 7
காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிருமாம். 3ஆம் தேதி ராத்திரி பாப்பாவுக்கு முத்தம் கொடுத்துட்டுத்தான் தூங்கினான். நான்தான் கொடுடான்னு சொன்னேன்.

நவம்பர் 8
அவனுக்கு 98.6. தோசை கேட்டான், ரெண்டு சாப்ட்டான்.
எனக்குத் தொண்டை கரகரங்குது.

நவம்பர் 8, ராத்திரி
பால நிறுத்தவே கூடாது, பால் வழியா ஃப்ளூ போகாது, சோப்பு போட்டு கை கழுவி மாஸ்க் போட்டுட்டு கொடுங்கன்னாங்க. கொடுக்கறேன். அவ பால் குடிக்கறத நிறுத்திட்டு நிமிந்து என் முகத்தையே பாக்கறா, மாஸ்க்கப் பிடிச்சு இழுக்கறா, நான் மூக்கோட சேத்து அழுத்திப் பிடிச்சுக்கறேன், அப்ப அழறா, நானும்.

நவம்பர் 9
பாப்பாவுக்கு 99.1. போர்வை சூடா இருக்கும்னு அவர் சொல்றார்.
பீரோவத் திறந்தா வளைகாப்பு வளையல். பக்கத்துத் தெருதான் கிளினிக். பத்து நிமிஷ வேலை.

நவம்பர் 10, விடிகாலை 3.20
99.4. ஒரு தும்மல். நிமிஷத்துக்கு 50 மூச்சோ அதுக்கு மேலயோ போனா நேரத்தப் பாக்காம தூக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. சட்டைய விலக்கி வயித்தப் பாத்து எண்ணினேன். 41. நடுவுல அசைஞ்சுட்டா. திரும்ப எண்ணணும்.