இராமலிங்க விலாசம்: ஒரு மன்னரின் வாதத்தைச் சுவரில் படித்தல்

இராமேசுவரம் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் இராமநாதபுரத்தைத் தொடர்வண்டியின் சன்னல் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். பாம்பன் பாலம் எப்போது வரும் என்ற ஆவலில் இந்த ஊர் எவர் கண்ணிலும் தங்குவதில்லை. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்தில் இராமலிங்க விலாசம் என்னும் மண்டபம் இருக்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அந்த அகழ்வைப்பகத்தைப் பார்ப்பதற்காகவே அண்மையில் அங்கு இறங்கினேன்.

கடைகளும் ஆட்டோக்களும் நெருக்கும் தெருவைக் கடந்து வளாகத்துக்குள் நுழைந்தால் உயர்ந்த மேடையின்மீது அமைந்த மண்டபம் தெரிகிறது. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி (1674–1710) கட்டுவித்தது இது. கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்கும் இக்கட்டுமானத்தில் பங்கு உண்டு என்பது இந்தப் பகுதியின் மரபுவழிச் செய்தி. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியை அறிந்த நம்மில் பலருக்கு, அவர் சேதுபதியின் நெருங்கிய நண்பர் என்பது தெரிவதில்லை.

உள்ளே அடியெடுத்து வைத்ததும் அரண்மனைக்குள் வந்திருக்கிறோமா, கோயிலுக்குள்ளா என்ற ஐயம் எழுகிறது. மகாமண்டபம், அதை அடுத்து அர்த்தமண்டபம், அதற்கும் அப்பால் கருவறை போன்ற அறை என்று அமைப்பு முழுவதும் ஆலயத்தின் ஒழுங்கிலேயே செல்கிறது. மண்டபத்தின் பெயரும் இராமேசுவரத்து இறைவனுடையது. சேதுவை, அதாவது இலங்கைக்கு இராமபிரான் கட்டிய பாலத்தைக் காக்க அவரால் நியமிக்கப்பட்டவர்கள் தாங்கள் என்பது சேதுபதிகளின் குல மரபாதலால், தெய்வத்துக்கும் அரசனுக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டை இக்கட்டடம் வேண்டுமென்றே மங்கலாக்குகிறது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் காட்சிப் பொருள்கள். வைகை கடலில் கலக்கும் பகுதியில் உள்ள அழகன்குளம் அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் ரௌலட்டட் எனப்படும், உருளைக் கருவியால் சிறு புள்ளி வரிகள் பதித்த பானையோடுகளும் கிடைத்தன. கப்பலின் உருவம் கீறப்பட்ட ஓர் ஓடும் அவற்றுள் ஒன்று. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இடைவெளி உள்ள இந்த இரண்டு துறைமுகங்களும் ஒரே கடற்கரையின் அண்டை ஊர்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், சாதாரண ஓட்டுச் சில்லுகளுக்கும் பொருள் கூடுகிறது. வாள், ஈட்டி முதலிய ஆயுதங்களை விரைவாகக் கடந்துவிட்டேன். வளரியிடம் மட்டும் நின்றேன். பிறை நிலவைப் போல் வளைந்து, ஒரு முனை கைப்பிடியாகக் குறுகி, மறுமுனை அகன்று கனத்திருக்கும் அந்த ஆயுதத்தின் எடை முழுவதும் எறியும் திசையிலேயே இருப்பது பார்வையிலேயே புலப்படுகிறது. அது சுழன்று சென்று ஓடுகிறவனின் காலை வாரும். அதை எறியும் முறையைச் சின்ன மருதுவிடம் கற்றதாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் எழுதினார்; கற்பித்தவரைக் கம்பெனி 1801இல் தூக்கிலிட்டது. அதே ஆண்டில் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டது.

ஆனால் இந்த அகழ்வைப்பகத்தின் தலையாய காட்சிப் பொருள் எந்தக் கண்ணாடிப் பேழையிலும் இல்லை. சுவர்கள், தூண்களை இணைக்கும் வளைவுகள், விதானம் என எங்கெங்கும் ஓவியங்கள். கிழவன் சேதுபதிக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில், இவை தீட்டப்பட்டன. செங்காவி நிறப் பின்னணியில், பட்டை பட்டையாகப் பிரிக்கப்பட்ட காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பல காட்சிகளுக்கு நிகழ்ச்சியை விளக்கும் தமிழ் எழுத்துகளும் உண்டு. கழுத்து வலிக்கும் அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தாலும், அவசரமின்றிப் படித்துச் செல்ல வேண்டிய சுவர்கள் இவை.

சேதுவின் காவலர் வீட்டில் சேது கட்டும் காட்சியைத்தான் நான் முதலில் தேடினேன். ஆனால் அங்கு விரிவாக வரையப்பட்டிருப்பது பாலகாண்டம்: பிள்ளைப்பேறு இல்லாத தசரதன் வேள்வி செய்வதும், இராமன் பிறப்பதும், வளர்வதும். இதைப் பொதுவான பக்தி என்று கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் வாரிசுரிமைதான் அந்த அரசவையின் தீராத தலைவலியாக இருந்தது. விஜயரகுநாதர் கிழவன் சேதுபதியின் வயிற்றுப் பிள்ளை அல்லர். வளர்ப்பு மகனாக அரியணை ஏறியவர். கிழவன் சேதுபதிக்கு உரிமை மனைவி அல்லாத ஒருத்தியிடம் பிறந்த பவானி சங்கரன் அந்த அரியணைக்கு உரிமை கோரினான். தஞ்சை மராத்திய அரசின் துணையையும் நாடினான்.

இந்தப் பின்னணியோடு மீண்டும் சுவரைப் பார்த்தால் ஓவியங்களின் தொனியே மாறிவிடுகிறது. அரண்மனையின் குலதெய்வமான இராஜராஜேசுவரி மன்னருக்குச் செங்கோல் வழங்குகிறாள். பிறப்பால் வராத உரிமையைத் தெய்வமே நேரில் வந்து கொடுத்துவிட்ட பிறகு கேள்வி கேட்பவர் யார்? மன்னர் மணிகளால் அபிடேகம் செய்யப்படுகிறார். தொப்பி அணிந்த ஐரோப்பியர் அவரைக் காண வந்து நிற்கின்றனர். முத்தும் சங்கும் எடுக்கும் உரிமைக்காகச் சேதுபதிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட டச்சுக்காரர்களாக அவர்கள் கருதப்படுகிறார்கள். தஞ்சை மராத்தியருடனான போர் நீண்ட பரப்பில், யானையும் குதிரையும் பீரங்கியுமாக வரையப்பட்டிருக்கிறது. பவானி சங்கரனுக்குக் கைகொடுத்த பக்கத்தை எதிர்த்து நடந்த போர், அவைக்கு வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும் இடத்தில் நிற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஓவியம் என்ற வகையில், உடலமைப்பும் முகங்களும் நாயக்கர் கால மரபைத் தொடர்கின்றன. புதுமை என்று சொல்லத்தக்கது, உயிரோடு இருக்கும் மன்னரையே அவர் அமர்ந்திருக்கும் அவையின் சுவரில் கதைத்தலைவன் ஆக்கியதுதான்.

மாடியில் மன்னரின் தனி வாழ்க்கை தீட்டப்பட்டிருக்கிறது. பெண்கள் சூழ இருக்கும் காட்சிகள், கேளிக்கைகள், காதற்காட்சிகள். கீழே அவ்வளவு மிடுக்கோடு தோன்றியவர் இங்கு சற்று இளைப்பாறுகிறார் என்று சொல்லலாம். குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் பிள்ளைகளை வேகமாக அந்த அறையிலிருந்து நகர்த்திச் சென்றார்.

சுவர்களின் வாதம் வென்றதா என்றால், வரலாறு வேறு மாதிரி நடந்தது. 1725இல் விஜயரகுநாதர் இறந்த பிறகு குழப்பம் மூண்டு, பவானி சங்கரன் அரியணையைக் கைப்பற்றினான். அவனை எதிர்த்துக் கிளம்பிய கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் அவனை வீழ்த்தியபோது நாடு பிரிந்து சிவகங்கைச் சீமை தனியாயிற்று. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவி நீக்கிச் சிறைவைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1798 செப்டம்பரில், கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனை வரவழைத்துப் பேசிய சந்திப்பும், அதைத் தொடர்ந்த கைகலப்பும், லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும் இந்த அரண்மனையில்தான். திரைப்படத்தின் வழியாக அந்தச் சந்திப்பை மனப்பாடமாக அறிந்தவர்கள் கூட, அது நடந்த இடம் இன்றும் நிற்கிறது என்றால் வியக்கிறார்கள்.

செல்ல நினைப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றே: பேழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெளிச்சம் நன்றாக உள்ள முற்பகலில் சென்று முதலில் மகாமண்டபத்துச் சுவர்களைப் பாருங்கள். போர்க் காட்சியில் தொடங்கி, அங்கிருந்து செங்கோல் காட்சிக்கு வந்தால் கதை எளிதில் பிடிபடும். அழகன்குளத்துப் பானையோடுகளைக் கடைசியில் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் அவை கிடைத்த ஊருக்கும் சென்று வரலாம். இராமநாதபுரத்திலிருந்து அது தொலைவில்லை.