க்ரீமை நிறுத்திய பிறகுதான் கஷ்டமே

தம்பிக்கு வேலை தாராவியில் ஒரு தோல் பட்டறையில். மழைக்காலத்தில் தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. மருந்துக்கடையில் அரிப்பு என்றதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், சீட்டு கேட்கவில்லை. தடவினால் இரண்டே நாளில் அடங்கும். நிறுத்தினால் இன்னும் அகலமாகத் திரும்பும். மறுபடி அதே ட்யூப். மாதக்கணக்கில் இப்படியே போனது.

கடைசியில் சயான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுத்துத் தோல் பிரிவில் காத்திருந்தோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, "என்ன தடவுனீங்க, ட்யூப் இருக்கா?" என்றுதான். காலி ட்யூபைக் கொண்டுபோனது நல்லதாயிற்று. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கான மருந்தோடு குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டும் அதில் கலந்திருந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும். பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். படர்தாமரையின் வட்ட விளிம்புகூட அழிந்து, பார்த்தால் வேறு நோய் போலத் தெரிந்தது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். தொடையின் உட்புறம் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போன்ற கோடுகள் விழுந்திருந்தன.

க்ரீமை நிறுத்தச் சொல்லி, இட்ரகோனசோல் மாத்திரை கொடுத்தார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு போட. "நிறுத்தினதும் கொஞ்ச நாள் ஜாஸ்தியாகும், பயந்து பழைய ட்யூபைத் தொடாதீங்க" என்றும் சொன்னார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது. தோல் செக்கச்செவேலென்று எரிந்தது, இரவெல்லாம் தூக்கமில்லை. "அக்கா, ஒரே ஒரு தடவை தடவிக்கிறேனே" என்று அவன் கெஞ்சியபோது எனக்கே மனசு இளகியது. ஈரத்துணி ஒத்தடம், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ராத்திரியில் அரிப்புக்கு ஒரு மாத்திரை. இவற்றை வைத்துத்தான் அந்த நாட்களை ஓட்டினோம்.

வீட்டில் எல்லாரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் இருந்தது. வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்திருக்கிறார். ஒரே அறையில் ஐந்து பேர், ஒரே துண்டு. ஆளுக்கொரு துண்டு வாங்கினோம். துணிகளை வெந்நீரில் துவைத்தோம். மும்பை மழையில் வெயிலுக்கு எங்கே போவது? தையல் மடிப்புகளில் இஸ்திரி அழுத்தித் தேய்த்தோம். அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்னவரை மாத்திரையை விடவில்லை.

இப்போது படர்தாமரை இல்லை. கோடுகள் இருக்கின்றன. நிறம் மங்கும், முழுசாகப் போகாது என்றார்கள்.

2018இலேயே இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் எங்கள் தெருவில் கேட்டால் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் ட்யூபைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று விற்கும் க்ரீம்களிலும் மொமெட்டசோன் இருப்பதுண்டு. ரொம்ப நாளாகத் தடவி வந்திருந்தால், எப்படி நிறுத்துவது என்று கேட்க அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.